வளையம் வெட்டும் பால்ராஜ்

சேக்காட்டில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பால்ராஜ் மிக மிக நேர்மையானவர். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சர்ச்சில் முன்வரிசையில் உட்காருபவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் உறுப்பினராக இருக்கும் பந்தயப் புறா கிளப்பில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த நம்பிக்கை வாய்க்கவில்லை. காரணம், நான் குடியிருப்பது மொட்டை மாடியில் இருக்கும் அவருடைய புறாக் கூண்டுக்கு நேர் கீழே. சில சத்தங்கள் கீழே இருப்பவனுக்குத்தான் கேட்கும்.

பால்ராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவர். கம்பெனி ஒருநாள் கைகூப்பி அவரை வீட்டுக்கு அனுப்பியது. அவரும் பதிலுக்குக் கைகூப்பிவிட்டு வந்து, மாடியில் கூண்டு கட்டினார். அன்றிலிருந்து அவருக்கு ஓய்வே கிடையாது. விடியற்காலையில் கம்பு, பகலில் சோளம், சாயங்காலம் மாடியில் நின்று விசில். என் சட்டைகள் கொடியில் காயும் நேரமாகப் பார்த்துப் புறாக்களைத் திறந்துவிடுவது அவருடைய வழக்கம். கேட்டால், "புறா எச்சம் பட்டா ஐசுவரியம் சார்" என்பார். அந்தக் கணக்குப்படி நான் இந்நேரம் ஆவடியையே வாங்கியிருக்க வேண்டும்.

பந்தயப் புறா என்பது ஒரு தனி உலகம். குஞ்சாக இருக்கும்போதே காலில் ஒரு வளையத்தை மாட்டிவிடுவார்கள். அதில் எண், வருடம், கிளப்பின் குறி எல்லாம் இருக்கும். கால் பெருத்ததும் வளையத்தைக் கழற்ற முடியாது. பிறகு புறாக்களை லாரியில் ஏற்றி எங்கோ வடக்கே கொண்டுபோய் விடுவார்கள். அவை வீடு தேடிப் பறந்து வரவேண்டும். பெரும்பாலும் வரும். சில, வழியில் களைத்துப்போய் அடுத்தவர் மாடியில் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் வளையத்தைப் படித்து, கிளப்புக்குச் சொல்லி, உரியவரை வரவழைத்துக் கொடுக்க வேண்டும் என்பது மரியாதை. வாங்கிக்கொள்கிறவர் ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு வருவது அதைவிடப் பெரிய மரியாதை.

பால்ராஜுக்குப் பிரியாணி பிடிக்காது போலிருக்கிறது. அவர் மாடியில் வளையத்தோடு ஒரு புறா இறங்கினால், சற்று நேரத்தில் என் தலைக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு 'டக்'. வளையம் இரண்டு துண்டு. வளையம் போனால் புறாவுக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. அதை வெளியே விட்டால் நேராகத் தன் வீட்டுக்குப் போய்விடும் என்பதால், உள்கூண்டில் அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்கவிடுவார். அந்தக் குஞ்சுகளுக்குத் தன் வளையத்தை மாட்டுவார். பரிசும் வாங்குவார். வெட்டிய துண்டுகளையாவது குப்பையில் போடலாமே? மாட்டார். ஒரு நீல நிற பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்பார். வாழ்நாள் சாதனையைக் குப்பையில் போட யாருக்குத்தான் மனசு வரும்?

டப்பாவைப் பற்றி எனக்குச் சொன்னது அவர் மனைவி ஜெயகுமாரி. "இந்த மனுசன் சங்கீதம் பாடிகினே வெட்டுறாரு சார். கர்த்தரு கேட்டுகினுதான் கீறாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வெளியே சொல்லமாட்டார். வீட்டு மானம்.

கிளப்பில் வளையத் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிற நடுவர் யார் என்று கேட்கிறீர்களா? பால்ராஜேதான். வேறு யாருக்கு அந்தத் தகுதி இருக்கிறது?

கிளப்பின் தலைவர் பச்சையப்பன், அம்பத்தூரில் டயர் கடை வைத்திருப்பவர். அவரிடம் கலெக்டர் என்று ஒரு சேவல் புறா இருந்தது. எந்த ஊரில் விட்டாலும் முதலில் வந்து நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பந்தயத்தில் அது வரவில்லை. பச்சையப்பன் கடை வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார், புறாவின் படத்தோடு. பால்ராஜ் மாலையோடு போனார். மனமுருகி ஒரு ஜெபமும் செய்தார். பச்சையப்பன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த வாரத்தில்தான் என் தலைக்கு மேலே இரண்டு 'டக்' கேட்டிருந்தது. எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வாடகை வீட்டில் குடியிருக்கிறவனின் கோபம் மாடிப்படி ஏறாது.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, பால்ராஜ் புறாக்களைப் பழக்குவதற்காகக் கூடையோடு பாரிவாக்கம் பக்கத்து ஏரிக்குப் போனார். கரையில் நின்று புறாக்களைத் திறந்துவிட்டார். அவை சேக்காட்டை நோக்கிப் பறந்தன. திரும்பும்போது ஏரியின் சேற்று மூலையில், யாரோ போட்டுவிட்டுப் போன நைலான் வலைத் துண்டில் ஒரு பறவை சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், முதுகில் பொறிப் பொறியாக வெள்ளை, நீளமான கால், நீளமான அலகு. மற்றவர்கள் முதலில் பார்ப்பது பறவையை. பால்ராஜ் முதலில் பார்த்தது காலில் மின்னிய அலுமினிய வளையத்தை.

முழங்கால் சேற்றில் இறங்கி, வலையை அறுத்துப் பறவையை எடுத்தார். இதை நான் மறைக்கக் கூடாது. மென்மையாகத்தான் எடுத்தார். புதுசாக எவனோ வெளிநாட்டு ஜாதி வாங்கியிருக்கிறான் என்று நினைத்தார். என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ளக் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். தேர்ந்த கை அல்லவா, வளையத்தை விரலால் மறைத்துப் பிடித்துத்தான் படம் எடுத்தார். ஆனால் அந்த விரல் இத்தனை வருடமும் பழகியது புறாக்காலுக்கு. இது நெட்டைக் கால். விரலுக்குக் கீழே வளையம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி போடாததால் அவருக்கு மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல 'டக்', 'டக்'.

சாயங்காலம் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பச்சையப்பன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். பின்னால் தோளில் ஒரு பையோடு இளம்பெண் ஒருத்தி. பூந்தமல்லிக்காரி, பேர் ரெனிதா, பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பச்சையப்பனும் அந்த ஏரிக்கரையில் புறா விடுகிறவர் என்பதால் அவளைத் தெரியும். குழுவில் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு அனுப்பியிருக்கிறார்.

"நான் சொன்னேன் இல்ல பாப்பா, நம்ம அண்ணாத்தே கைல கெடச்சா பத்திரமா இருக்கும்னு" என்றார் பச்சையப்பன், பெருமை பொங்க.

அந்தப் பறவை கூண்டின் மூலையில் ஒடுங்கி நின்றது. முன்னால் ஒரு கிண்ணம் நிறையக் கம்பு. அது சீண்டவே இல்லை.

"அங்கிள், இது பொறி உள்ளான். சேத்துல இருக்கிற புழு பூச்சிதான் சாப்பிடும்" என்று சொல்லிக்கொண்டே ரெனிதா அதை எடுத்துக் காலைப் பார்த்தாள். முகம் மாறியது. "வளையம் எங்க?"

"வளையமா? இன்னா வளையம்? வர்றப்பவே ஒண்ணும் இல்லியே."

ரெனிதா போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். எண் தெரியவில்லை, ஆனால் வளையம் தெரிந்தது. பால்ராஜ் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"ஓ, அதுவா? கீய வியுந்துட்டு இருக்கும்."

"விழாது அங்கிள். இடுக்கியால அழுத்தி மூடுற வளையம். பறவை சாகுற வரைக்கும் காலோட இருக்கும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அந்த நம்பர் வேணும். திங்கக்கிழமை கூட்டம் இருக்கு."

என்ன கூட்டம் என்று அவள் சொன்னாள். ஏரியின் அந்தச் சேற்று மூலையை மண் கொட்டி மூடி, நடைபாதை போட்டு, செல்ஃபி எடுக்க வண்ண விளக்கோடு ஒரு மேடை கட்டப் போகிறார்கள். சுற்றி வந்திருக்கும் அடுக்குமாடிக்காரர்களுக்கு நடக்க இடம் வேண்டுமாம். பறவைகள் வேறு ஏரிக்குப் போய்க்கொள்ளட்டும் என்கிறார்கள். அதே பறவைகளே வருடா வருடம் அந்த மூலைக்குத்தான் வருகின்றன என்று ரெனிதா சொன்னால், ஆதாரம் எங்கே என்கிறார்கள். எல்லா உள்ளானும் பார்க்க ஒரே மாதிரிதானே?

"அதுக்குத்தான் வளையமே அங்கிள். விடியக்காலைல கண்ணுக்குத் தெரியாத வலை கட்டிப் பிடிப்போம். எடை பார்த்து, ரெக்கை அளந்து, வளையம் போட்டு விட்டுடுவோம். அது ரஷ்யாப் பக்கம் போய்க் குஞ்சு பொரிச்சிட்டுத் திரும்பி வரும். எங்கயாவது யாராவது நம்பரப் படிச்சாத்தான் அது எந்த வழியா போச்சு, எத்தன வருஷம் இருந்துச்சு, எந்த ஏரிய நம்பி வருதுன்னு தெரியும். அந்த ஏரியக் காப்பாத்தணும்னு கேக்க முடியும். நான் நூத்துக்கணக்குல போட்டுட்டேன். ஒண்ணுகூடத் திரும்பி என் கைக்கு வரல. இதுதான் முதல்."

பால்ராஜுக்கு ஒரே ஒரு விஷயம்தான் விளங்கவில்லை.

"அப்ப இது உன்னுதுதான? எடுத்துகினு போயேன் பாப்பா. இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"

"என்னோடது இல்ல அங்கிள்."

"உன்னுது இல்லியா? பின்ன எதுக்கு வளையம் போட்ட?"

"யாரோடதும் இல்ல. அது நல்லா இருக்கான்னு தெரிஞ்சிக்கத்தான்."

பால்ராஜ், வளையம் என்றால் பூட்டு, பூட்டு என்றால் உடைக்க வேண்டியது என்று வாழ்ந்தவர். பூட்டே போடாமல் பேரை மட்டும் எழுதி ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டு, சேற்றில் காத்திருக்கிறாள் ஒருத்தி. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "இரு, கூண்டாண்ட தேடிப் பாக்குறேன்" என்று உள்ளே போனார்.

வெளியே வந்தபோது உள்ளங்கையில் சின்னதாக ஒரு துண்டு. "தோ, கீயதான் கெடந்துச்சு."

ரெனிதா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். "இது வெட்டியிருக்கு. நம்பர்ல பாதிதான் இருக்கு. மிச்சப் பாதி?"

மிச்சப் பாதி டப்பாவில் இருந்தது. மேலாகக் கிடந்தது ஒன்று, இது நூற்றுக்கணக்கான துண்டுகளுக்கு நடுவே நழுவியிருந்தது. பூதக்கண்ணாடி இல்லாமல் பால்ராஜின் கண்ணால் அதைத் தேடி எடுக்க முடியாது. டப்பாவை வெளியே கொண்டுவராமல் பூதக்கண்ணாடியும் வராது. பச்சையப்பனோ நகரும் வழியாக இல்லை. "நல்லா தேடு அண்ணாத்தே, நானும் வர்றேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

ஜெயகுமாரி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளான் ரெனிதாவின் கையில் கண்ணை மூடி மூடித் திறந்தது.

பால்ராஜ் உள்ளே போனார். நீல டப்பாவோடு வந்தார். தரையில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் கவிழ்த்தார். அவ்வளவு சத்தத்தோடு விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பச்சையப்பன் முதலில் புரிந்துகொள்ளவில்லை. உதவி செய்கிற உற்சாகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இது இல்ல... இது வானகரம் பிராங்க்குதாச்சே... இது எங்க மச்சானுது..." குரல் மெல்ல இறங்கியது. ஒரு பச்சை நிறத் துண்டை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கலெக்டரின் வளையம்.

மேற்குப் புறநகரில் காணாமல் போன புறாக்கள் எல்லாம் எங்கே போகின்றன என்ற ஆராய்ச்சி அந்தத் துணியின்மேல் முடிந்தது. அம்பத்தூரிலிருந்து கிளம்பினாலும், வானகரத்திலிருந்து கிளம்பினாலும், எல்லாம் சேக்காட்டில் ஒரே மாடிக்குத்தான் வலசை வந்திருக்கின்றன. வளையத்தின் பயனை ரெனிதா இதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

அடி விழும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், விழவேண்டும் என்றே நினைத்தேன். பச்சையப்பன் அடிக்கவில்லை. குனிந்து தேடிக்கொண்டே இருந்தார். பச்சை வளையத்தின் இன்னொரு பாதியும் கிடைத்தது. இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு வெள்ளித் துணுக்கை எடுத்து ரெனிதாவிடம் நீட்டினார்.

"இதுவா பாரு பாப்பா."

அதுதான். அவள் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் படித்து, போனில் தேடினாள். அவளே போட்ட வளையம். மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம், அதே ஏரி, அதே மூலை. ரெனிதா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

பச்சையப்பன் எழுந்தார். பால்ராஜின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "உசுரோட கீதா?"

பால்ராஜ் உள்கூண்டைக் காட்டினார். கலெக்டர் கிழடு தட்டி, இறகு மங்கி, ஒரு மூலையில் இருந்தது. பச்சையப்பன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வெளிய ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்" என்றார். "சொன்னா என் கலெக்டருக்குத்தான் அசிங்கம்." படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று இருட்டுவதற்குள் ரெனிதா உள்ளானை எடை பார்த்து, புது வளையம் போட்டாள். அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. பால்ராஜ் பிடித்துக்கொண்டார். இடுக்கி மெதுவாக மூடியதும், வெட்டுவதற்கே பழகிய அந்த விரல்கள் வளையம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தன. ஏரிக்குக் கொண்டுபோய் அதை விட்டோம். அது ஓடிப்போய்ச் சேற்றில் அலகைக் குத்தியது. ஒரு நன்றிப் பார்வை கிடையாது. எனக்கு அந்தப் பறவையை அப்போதே பிடித்துவிட்டது.

திங்கட்கிழமை கூட்டத்துக்குச் சாட்சியாக வரவேண்டும் என்று ரெனிதா கேட்டிருந்தாள். பால்ராஜுக்கு ஞாயிற்றுக்கிழமையே காய்ச்சல் வந்துவிட்டது. ஜெயகுமாரி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினார். காய்ச்சல் வந்த வழியே போயிற்று.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் அதிகாரி. கீழே அடுக்குமாடிக்காரர்கள், சர்ச்சின் முன்வரிசை, புறா கிளப், சுண்டலுக்காக வந்தவர்கள். ஏரியை அழகுபடுத்தும் குழுவின் தலைவர் பேசினார். பறவைக்கு இறக்கை இருக்கிறது, எங்கும் போகும். நமக்கு மூட்டுவலி இருக்கிறது, எங்கே போவோம் என்றார். நல்ல கைதட்டல்.

ரெனிதா வளையத்தையும் போனில் இருந்த படத்தையும் காட்டினாள். குழுத் தலைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு துண்டு தகரம்! படத்துல நம்பரே தெரியல. இதப் பறவ கால்ல இருந்துதான் எடுத்தாங்கன்னு யாரு கண்டா? இந்தப் பொண்ணே வீட்டுல உக்காந்து வெட்டி எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

மண்டபம் சிரித்தது. ரெனிதாவுக்குக் கண் கலங்கியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பால்ராஜ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்காவிட்டால் அவர் நேர்மை அப்படியே இருக்கும். பச்சையப்பன் வாக்குக் கொடுத்திருக்கிறார். சேற்று மூலை போய்விடும், அவ்வளவுதான். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நிச்சயமாகப் பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பால்ராஜ் எழுந்தார்.

"அந்தப் பாப்பா வெட்டல சார். நான்தான் வெட்னேன்."

"நீங்க எதுக்கு வெட்டினீங்க?" என்றார் அதிகாரி.

"அடுத்தவன் புறா கெடச்சா வளையத்த வெட்டிட்டு நானே வெச்சிக்குவேன் சார். ரொம்ப வருசமா அதான் பொயப்பு. இதையும் புறான்னு நெனச்சிகினு வெட்டிட்டேன். அந்த ஏரி மூலைல, வலைல மாட்டிகினு இருந்துச்சு. என் கையாலதான் எடுத்தேன்."

சர்ச்சின் முன்வரிசை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. கிளப்பில் நாற்காலிகள் நகர்ந்தன. குழுத் தலைவருக்கோ ஏகக் கொண்டாட்டம்.

"கேட்டீங்களா சார்? அவரே திருடன்னு ஒத்துக்கிறாரு. திருடன் பேச்ச நம்பி ஏரிய விடுறதா?"

பின்வரிசையிலிருந்து ஒரு நாற்காலி கவிழ்கிற சத்தம். பச்சையப்பன்.

"நம்பு சார்! அவன் திருடன்தான், நான் சாட்சி!" என்று கத்திக்கொண்டே மேடைக்கு ஓடி, சட்டைப் பையிலிருந்து பச்சைத் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது என் புறாவோட வளையம். இவன் வெட்னது. இந்த வெட்டப் பாரு, அந்த வெட்டப் பாரு. ரெண்டும் ஒரே பக்கமா சாஞ்சி கீது. ஒரே கட்டரு, ஒரே கை. இவன் திருடலன்னு எவனாவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்!"

அதிகாரி நான்கு துண்டுகளையும் பூதக்கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தார். மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து, சேற்று மூலையைத் தொட வேண்டாம், நடைபாதையை எதிர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். குழுத் தலைவருக்கு உடனே மூட்டு வலித்தது.

சாட்சி சொன்னவர்கள் பேர் பதிய வேண்டும் என்று எழுத்தர் கூப்பிட்டார். பால்ராஜ் போனார். கிளப்பில் ஒருவரும் அவருக்கு வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. எழுத்தர் பேரைக் கேட்டு எழுதினார். தொழில் என்ற இடத்தில், நல்ல மனசோடு, 'பறவை ஆர்வலர்' என்று போட்டுக் கையெழுத்துக்கு நீட்டினார்.

பால்ராஜ் கண்ணாடியை மாட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இத அடிச்சிடு சார்" என்றார். "திருடன்னு போடு. நாளைக்கே எவனாவது வந்து, அந்த வளையத்த யாரு வெட்னான்னு அந்தப் பாப்பாவ மறுக்கா கேப்பான்."